இஞ்சாரும், கயிறை விடும்

என்னை ஒரு தடவையாவது திட்டாமல் தூங்கப் போகாத என் ஆசை அம்மாவுக்கு,

நீங்கள் போனபின் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தி ஏதாவது சேரட்டும், எழுதலாம் என்று இருந்தேன். இப்போது கையில் இருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே எனக்குத் தெரியவில்லை. குழப்பம் வந்தால் உங்களுக்குத்தானே முதலில் தொலைபேசி எடுப்பேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் சில்லறைச் செய்திகள். உங்கள் கறிவேப்பிலைச் சாடி என் வீட்டு யன்னலோரம் நன்றாக இருக்கிறது. மிளகாய்க் கன்றுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் பேத்தி ஒருவழியாக கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டாள், இனி மொன்றியலில் நடந்து போகிறவர்கள் பார்த்துப் போகட்டும். அடுத்த மாதம் உங்கள் முதல் வருட ஆட்டத்திவசம். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது.

இனி அப்பா.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அப்பாவைத் தனிய விட்டிடாதை பிள்ளை. அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது." நான் விடமாட்டேன் என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன், யோசிக்க அதில் என்ன இருந்தது? நாற்பது வருடமாக அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் கதைத்தீர்கள். கல்யாண வீட்டில் யாராவது அவரிடம் எப்படிச் சுகம் என்று கேட்டால் அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், நீங்கள் அவருடைய முழங்கால் முதல் முதுகு வரை விலாவாரியாகச் சொல்வீர்கள். அப்படிப்பட்டவரை லாசாலில் உங்கள் அப்பார்ட்மென்டில் தனியாக எப்படி விடுவது?

ஆனாலும் விட்டோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்றார், பனிக்காலம் போகட்டும் என்றார், நாங்களும் சரி என்றோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பெட்டிகளோடு போனபோது பக்கத்துக் கதவு மடாம் என்னை வாசலுக்கு வெளியே ஹோல் நடையில் மறித்தார். எயிட்டி நாட்டுக்காரி, நல்ல மனுஷி, உங்களுக்கு மாம்பழம் கொண்டுவந்து தருவாரே அவர்தான். அப்பாவோடு இப்போது யாரோ வந்து தங்கியிருப்பது நல்லது என்றார். எனக்கு விளங்கவில்லை. நாள் முழுக்கக் கதையும் சிரிப்புமாகக் கேட்கிறதே, தனியாக இல்லை என்று நிம்மதியாக இருந்தேன் என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால் அப்பா மட்டும். "ஆரோட அப்பா கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்? போனிலையோ?" என்று கேட்டேன். "ஒருத்தரோடையும் இல்லையே" என்று சொல்லிவிட்டு என் பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தம்பிக்கு ரொறன்ரோவுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் உடனே நெட்டில் எதையோ வாசித்துவிட்டு மருத்துவர் மாதிரிப் பேசத் தொடங்கினான். "அக்கா, இது மறதி வருத்தத்தின்ரை தொடக்கம். இனி தனிய விடேலாது. உங்கட வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ." நான் பேஸ்மென்ட் அறைக்குப் பெயின்ட் அடித்தேன். கட்டில் வாங்கிப் போட்டேன். குளியலறையில் பிடிகம்பி பூட்டினேன், பெரிய டிவி ஒன்றை மாட்டினேன். எல்லாம் தயார். அப்பாவிடம் சொல்வது மட்டும்தான் மிச்சம். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அதற்கும் தம்பிதான் யோசனை கண்டுபிடித்தான். "வீட்டிலை வைச்சுக் கேட்டால் எழும்பிக் குசினிக்குள்ளை போயிடுவார். வள்ளத்திலை எண்டால் எங்கை போறது?" என்றான். லஷீன் கால்வாயில் நாள் முழுக்க ஒரு படகை அப்பாவின் பெயரில் வாடகைக்குப் பிடித்துவிட்டான். திவசம் முடியவில்லை, அதற்குள் உல்லாசப் பயணமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "உல்லாசம் இல்லை அக்கா, மீட்டிங்" என்றான். உங்கள் மகன்தான், நான் என்ன செய்ய? அவன் ரொறன்ரோவிலேயே இருந்துகொண்டான், படகில் அப்பாவும் நானும் மட்டும்.

நரோபோட் என்கிறார்கள் அதை. ஒடுங்கி, நீளமாக, கூரை போட்டு இருந்தது. உங்கள் அப்பார்ட்மென்ட் ஹோலைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டது போல. பின்னால் ஒரு நீளக் கட்டை, அதுதான் சுக்கான். வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கரையில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்களை முந்திப் போனாள். குழந்தை எங்களுக்குக் கைகாட்டியது.

சுக்கானை முதலில் நான்தான் பிடித்தேன். எதை யார் பிடிக்கவேண்டும் என்று நான்தானே முடிவெடுப்பேன். கொஞ்ச நேரத்தில் படகு நேராகப் போய்ப் புல்லுக்குள் மூக்கை நுழைத்தது. அப்பா எழும்பி வந்து என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் கட்டையைப் பிடித்தார். "வலப்பக்கம் போகவேணுமெண்டால் இடப்பக்கம் தள்ளவேணும் பிள்ளை. சும்மா பலம் காட்டினால் போகாது." பிறகு அந்தப் படகு அவர் சொன்ன இடத்துக்குப் போனது. இது அவருக்கு எப்படித் தெரியும்? ஊரில் வங்கியில் வேலை பார்த்தவர், இங்கே டவுன்டவுனில் உணவகச் சமையலறையில் நின்றே வயது போனவர். வள்ளத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அதைவிட ஆச்சரியம், அவர் கதைத்தார் அம்மா. வாய் ஓயவில்லை. அந்தப் பழைய ஆலையில் இப்போது பணக்காரர் குடியிருப்பதையும், இந்தப் பாலம் ஒரு காலத்தில் சுழன்று வழி விட்டதையும், வாத்து தன் குஞ்சுகளைக் கரை மாற்றும் விதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்துவார், கொஞ்சம் பொறுப்பார், பிறகு தொடர்வார். நான் "ஓம், ஓம்" என்றேன். எனக்குள் சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன. இவர் யார்? இத்தனை வருடம் இதெல்லாம் இவருக்குள் எங்கே இருந்தது? நீங்கள் கதைத்துக்கொண்டே இருந்ததால் அவருக்கு இடம் கிடைக்கவில்லையா? கோபிக்காதீர்கள், கேள்வி வந்தது, கேட்கிறேன்.

உங்கள் சாம்பலை லஷீன் கரையில் ஆற்றில் கரைத்தோம். படகும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் புறப்பட்டது. அப்பா தண்ணீரைப் பார்த்தபடி திடீரென்று கேட்டார்.

"பிள்ளை, அந்த இடத்திலையிருந்து ரெண்டு வழி. ஒண்டு ஆத்தோட போய் அந்தக் கல்லுகளுக்குள்ளாலை பாயிற வழி. மற்றது இந்தக் கால்வாய். கொம்மா எதாலை போயிருப்பா?"

"எனக்குத் தெரியேல்லை அப்பா."

"இதாலைதான். முழங்கால் வருத்தக்காரி. கல்லுக்குள்ளாலை குதிச்சுப் போயிருக்கமாட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. பிறகு இந்த மனிதர் தெளிவாக இருக்கிறாரா, இல்லையா என்று யோசித்தேன். தம்பி இதைக் கேட்டிருந்தால் தெளிவு, மறதி என்ற இரண்டில் எந்தப் பக்கம் எழுதியிருப்பான்?

மத்தியானம் சாப்பாட்டைத் திறந்தோம். நான் றோல்ஸ், வடை, சோறு, மூன்று கறி என்று இரண்டு பேருக்கு ஒரு கல்யாணவீடு கட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். புட்டு. கூடவே கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. "அங்கை சமைச்சுக் களைச்சு வாற மனிசனுக்கு இஞ்சையும் அடுப்போ" என்று நீங்கள் ஒரு நாளும் அவரைக் குசினிக்குள் விட்டதில்லையே. நான் ஒரு வாய் வைத்தேன். அம்மா, அது உங்கள் புட்டு. உதிர்ந்த விதம், உப்பு, தேங்காய்ப்பூ, எல்லாம்.

"எப்பிடியப்பா இப்பிடி வந்தது?"

"கொம்மா சொல்லச் சொல்லத்தான் குழைச்சனான். தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் போடச் சொன்னவ."

"எப்ப சொன்னவ?"

"காலமை."

என் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. காலமை. அன்றைக்குக் காலையில். அவர் அடுத்த வாயை எடுத்து வைத்துக்கொண்டு, கரையில் சைக்கிளில் போன ஒருவருக்குக் கைகாட்டினார். கதைக்க வேண்டிய கதையை இப்போதே தொடங்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பேஸ்மென்ட், பிடிகம்பி, டிவி என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்தினேன். வாயைத் திறந்தேன். அப்போது எக்லூஸ் வந்துவிட்டது.

எக்லூஸை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை என்பது அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் படித்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன். மேட்டுத் தண்ணீரிலிருந்து பள்ளத் தண்ணீருக்குப் படகு இறங்கும் இடம் அது. முன்னும் பின்னும் பெரிய கதவுகள், நடுவில் கிணறு மாதிரி ஒரு தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு படகும் மெல்ல இறங்கும்.

மேலே கதவைக் கவனிக்கும் இளம்பெண் அப்பாவைக் கண்டதும், "போன்ஜூர் மிஸ்யே!" என்று கத்தினாள். பிறகு கரையில் மரத்தடியில் கிடந்த வாங்கு இருக்கையைக் காட்டி, இந்த வருடம் ஏன் வரவில்லை, மடாம் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். அப்பா நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிறுத்தி, பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னார்: மடாம் போன இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள். அப்பா "மெர்சி" என்றார்.

நான் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாங்கில் நீங்கள் இரண்டு பேரும் கோடைகாலம் முழுக்கப் பின்னேரங்களில் தேநீர்ப் போத்தலோடு வந்திருந்து, படகுகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தீர்களாம். எத்தனையோ வருடமாகவாம், அப்பா சொன்னார். எனக்குச் சொல்லவே இல்லையே? நான் எடுக்கும்போதெல்லாம் "நடக்கப் போனனாங்கள்" என்று மட்டும்தானே சொன்னீர்கள்? சரி, அது உங்கள் இரண்டு பேரின் விஷயம். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அந்தப் பெண் ஒரு கயிற்றை மேலே தூணில் மாட்டிவிட்டு நுனியைப் படகின் முன்பக்கம் நின்ற என்னிடம் தந்தாள். பின்பக்கம் நின்ற அப்பாவுக்கு இன்னொன்று. கையில் பிடித்திருக்க வேண்டும், தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும், கட்டவே கூடாது என்றாள். அப்பாவும் திருப்பிச் சொன்னார். "கட்டாதை பிள்ளை, பிடி."

நான் பிடித்தேன். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தம்பி. இரண்டு கை வேண்டும் என்று கயிற்றைப் படகின் மூக்கில் இருந்த இரும்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"அக்கா, கேட்டனீங்களே? என்ன சொன்னவர்?"

"இன்னும் இல்லையடா, பொறு" என்பதற்குள் என் காலுக்குக் கீழே தரை சரிந்தது. படகின் பின்பக்கம் தண்ணீரோடு இறங்க, முன்பக்கம் கயிற்றில் தொங்கியது. சோற்றுப் பெட்டி, கறிப் பெட்டி, வடை எல்லாம் அப்பாவை நோக்கிச் சறுக்கிப் போயின. போன் படகுக்குள் இருந்த வாங்குக்கு அடியில் விழுந்தது. மேலே அந்தப் பெண் கத்தினாள். அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

"இஞ்சாரும்! கயிறை விடும்!"

அம்மா, அந்தக் குரலை உங்களுக்குத் தெரியும். நான் அவருக்குப் பிள்ளை. "பிள்ளை, விடு" என்றுதான் அவர் என்னிடம் சொல்வார். இஞ்சாரும் என்று அவர் கூப்பிட்டது இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான். பால் பொங்கினால், கதவு மணி அடித்தால், பயந்தால், சந்தோஷப்பட்டால், அந்த ஒரு சொல். அது படகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வந்து என் முதுகில் பட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன்.

பிறகு இரண்டு கையாலும் முடிச்சைப் பிடுங்கினேன். இறுகியிருந்தது. மேலே அந்தப் பெண் தண்ணீரை நிறுத்திவிட்டிருந்தாள். ஒரு இழுவையில் கயிறு அவிழ, படகின் மூக்கு படார் என்று தண்ணீரில் விழுந்து எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது. வாங்குக்கு அடியிலிருந்து தம்பி, "அக்கா? ஹலோ? கேட்டாச்சே?" என்றுகொண்டிருந்தான்.

கதவு திறந்தது. நாங்கள் வெளியே வந்தோம். அப்பா சுக்கானைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடைகளைப் பொறுக்கினேன். குழம்பியிருப்பது அவரா நானா?

"அப்பா, நீங்கள் என்னை என்னெண்டு கூப்பிட்டனீங்கள் தெரியுமே?"

"தெரியும்."

"நான் அம்மா இல்லை."

"எனக்கு விசரில்லை பிள்ளை. அவ செத்தது எனக்குத் தெரியும். எரிக்கிற இடத்திலை தம்பி அந்தப் பொத்தானை அமத்தேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். அந்தச் சத்தம் இன்னும் கேக்குது."

பிறகு, நான் கேட்காமலே, தொடர்ந்தார்.

"அவ இருக்கேக்கை அவ கதைச்சா, நான் கேட்டன். இப்ப அவவாலை ஏலாது. ஆராவது கதைக்கத்தானே வேணும்? அதுதான் நான் கதைக்கிறன். என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும்தானே. இத்தனை வருசம் கேட்டனான்."

அப்போதுதான் அவர் எனக்கு உதவி செய்தார்.

"நீயும் தம்பியும் என்ன கதைக்கிறதுக்கு என்னை வள்ளத்திலை ஏத்தினனீங்கள் எண்டும் தெரியும். அந்த அறைக்குப் பெயின்ட் அடிச்சதைப் பேத்தி சொன்னவள். நல்ல அறையாம். ஆனா பிள்ளை, அங்கை வந்தால் நான் வாயை மூடிக்கொண்டெல்லோ இருக்கவேணும். மருமோன் இருக்கிறார், பேத்தி இருக்கிறாள். கொம்மாவோடை நான் எங்கை வைச்சுக் கதைக்கிறது? டிவிக்கு முன்னாலையோ?"

"டொக்டரிட்டையாவது வருவீங்களே அப்பா?"

"டொக்டரிட்டை வாறன். அறைக்கு வரேல்லை."

அதுதான் மீட்டிங். அவ்வளவுதான். மிச்சத் தூரம் முழுக்க அவர் எனக்குச் சுக்கான் பிடிக்கக் காட்டித் தந்தார், நான் இரண்டு தடவை கரையில் முட்டினேன். கால்வாய்க் கரையோரச் சந்தைப் பக்கம் படகைக் கொடுத்துவிட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. நாள் முழுக்கப் போன தூரத்தை கார் ஒரு பாட்டு முடிவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

தம்பி இன்னும் கோபத்தில் இருக்கிறான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறீர்கள் அக்கா என்கிறான். டொக்டரிடம் போனோம். கேள்விகள் கேட்டார், அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார், மணிக்கூட்டை வரையச் சொன்னபோது அழகாக வரைந்தார். இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இது முடிந்த கதை என்று என்னால் சொல்ல முடியாது. இரவில் விழித்துக்கொண்டு, நான் செய்வது சரிதானா என்று யோசிக்கிறேன். நீங்கள் தனியாக விடாதே என்றீர்கள். அவர் தனியாக இல்லை என்கிறார். இதில் நான் யார் சொல் கேட்பது?

போன ஞாயிறு சாப்பாட்டுப் பெட்டிகளோடு போனேன். தட்டக் கையைத் தூக்கியபோது உள்ளே அவர் குரல் கேட்டது. படகுக் கதையை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டாதை எண்டு சொன்னனான், கேட்டாளே? உம்மைப் போலத்தான் அவளும்." பிறகு நிறுத்தினார். படகிலும் இப்படித்தான் நடுநடுவே நிறுத்தினார், நான் "ஓம், ஓம்" என்று சொல்லி அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது நிரப்ப யாரும் இல்லை. ஹோலில் சத்தமே இல்லை. பிறகு அவர் பெரிதாகச் சிரித்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள் அம்மா? என்னைப் பற்றித்தானே?

பக்கத்துக் கதவு மடாம் குப்பைப் பையோடு வெளியே வந்து, தூக்கிய கையோடு நிற்கும் என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு நுனிக்காலில் நடந்து போனார். கறி ஆறும் வரை நான் அங்கேயே நின்றேன்.

ஆஸ்பத்திரியில் தந்த வாக்கை இப்படி மாற்றித் தருகிறேன், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். அவர் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது மட்டும் கதவைத் தட்டமாட்டேன், அம்மா. அது உங்கள் முறை.

இப்படிக்கு,
கட்டாதே என்றாலும் கட்டிவிடும்,
உங்களைப் போலவே இருக்கும்
உங்கள் மூத்த பிள்ளை